அந்த வளைவு தாண்டினால் வந்துவிடும்

எர்மெலிந்தா செலி "இதோ, அந்த வளைவு தாண்டினா வந்திரும்" என்று சொன்னால், அந்த வளைவைத் தாண்டியதும் வந்துவிடும். நடுவில் கிடந்த எட்டோ பத்தோ கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று பொயாகா மலைப்பக்கத்தில் யாரும் விசாரித்ததில்லை. தொலைந்த ஏற்றத்தைத் தேடிக் கொடு என்று கேட்க எவனுக்கு மனசு வரும்? அந்த மலைகளில் வழி கேட்கிறவனிடம் உள்ள தூரத்தை உள்ளபடி சொல்வது மரியாதைக் குறைவு. நாள் முழுக்க ஏற வேண்டியிருந்தாலும் "பக்கம்தான்" என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சிரைக்க நிற்கிறவனுக்கு வேறு எதைக் கொடுத்து அனுப்புவது? ஆக எல்லாரும் சொல்லுகிற பொய்தான் அது. எர்மெலிந்தாவின் வாய் முகூர்த்தம், அவள் சொன்னால் பலித்தது.

சிக்கமோச்சா ஆற்றங்கரையிலிருந்து மான்மேடு வரை ஏறும் சரளைச் சாலையில் ஒருமுறை சாலைத்துறைக்காரர்கள் கிலோமீட்டர் கற்கள் நட்டார்கள். மாதம் முடிவதற்குள் பாதிக் கற்கள் எர்மெலிந்தாவின் வேலியோரம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. திட்டிக்கொண்டே பிடுங்கி மறுபடி நட்டார்கள். களைத்துப்போய் அவளுடைய கடையில் வெல்லத் தண்ணீர் குடித்துவிட்டு, போகும்போது, "அம்மா, டவுனுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வாயைக் கொடுத்தார்கள். அவள் பதில் சொன்னாள். கற்கள் திரும்பி வந்துவிட்டன. அதன்பின் அரசாங்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கல்லில் கோழி அடைந்தது, இன்னொன்றில் பசு கட்டியிருந்தது.

மேட்டின் உச்சியில் அவள் கடை. வெல்லத் தண்ணீர், பாலாடைக்கட்டி பன், கொய்யாக் கட்டி. முதலில் பால்கேன் கட்டிய இரும்புச் சைக்கிள்கள் வந்தன. பிறகு தடித்த டயர் போட்ட சரளைச் சைக்கிள்களில் துயித்தாமா டவுனிலிருந்தும் தலைநகர் பொகொதாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நல்ல தார்ச் சாலையை விட்டுவிட்டுக் கல்லும் புழுதியுமாகத் தேடித் தேடி ஏறினார்கள். கார்மென் மாதாவுக்கு ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று மலைக்காரர்கள் முதலில் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எர்மெலிந்தாவும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். கைப்பிடியில் மாட்டியிருந்த தூரம் காட்டும் கருவிகள் விக்கல் வந்ததுபோல் ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடின. ஒன்று மட்டும் உண்டு: கேட்டால்தான் பலிக்கும். மாட்டு வியாபாரி ஒருவன் கேட்காமலே இவளாகச் சொன்னபோது அவன் சாயங்காலம்வரை நடந்தான்.

இவ்வளவு பேருக்குப் பலித்த வாய், கட்டிய புருஷனுக்கு வேறு மாதிரிப் பலித்தது. நெப்போமுசேனோ திபாதுய்சா நல்ல மனுஷன்தான். ஆனால் சைக்கிளைக் கண்டால் வீட்டை மறந்துவிடுவான். கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. "இதோ ஆச்சு, ரெண்டு ஓடுதான் பாக்கி" என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த மழைக்காலம் தொடங்கிய அன்று, அவள் வாளியை ஏந்தி நிற்க, இவன் ருவானாக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சைக்கிளை வெளியே உருட்டினான். காலை நீட்டிவிட்டு வரப்போகிறானாம். போனவன் சும்மா போயிருக்கலாம். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "எர்மெலிந்தா, ஆத்துக்குப் போயிட்டு வீடு திரும்ப எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று சீண்டினான். அந்த மலைகளில் புருஷனும் பெண்டாட்டியும் மண்டை உடையச் சண்டை போட்டாலும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார்கள். நாய்க்கே அந்த மரியாதை உண்டு. அவளும் மரியாதையாகவே சொன்னாள்: "போங்க. போய்க்கிட்டே இருங்க. உங்களுக்கு வீடு வந்து சேராத தூரம்."

அவன் கேட்டான், அவள் சொன்னாள், விஷயம் முடிந்தது. ஆறு வந்தது. வீடு வரவில்லை. வளைவுக்குப் பின் வளைவு முளைத்தது. ஏறி ஏறி மறுபடி ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதையிலேயே போய் இறங்கினான். சைக்கிள்காரர்கள் அடிக்கடி அவனைப் பார்த்தார்கள். பஞ்சர் ஒட்டிக் கொடுத்தான், கொய்யாக் கட்டி வாங்கித் தின்றான், எல்லாரிடமும் எர்மெலிந்தா செலியின் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள், "அந்த வளைவு தாண்டினா வந்திரும், ஐயா" என்றார்கள். அவன் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னான். அவர்கள் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. இப்படியே அவர்களுடைய பசு பலோமா கன்று ஈன்று கிழமாகிச் செத்து, அந்தக் கன்றும் வளர்ந்து ஈன்று, அதன் கன்றும் சினையானது.

அவனைப் பற்றிச் சேதி வந்தால் எர்மெலிந்தா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பாள். ஆனால் சேதி கொண்டுவந்தவனுக்கு ஒரு பன் கூடுதலாக விழும். அது வெளியே தெரிந்த பிறகு பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூரையைச் சரிசெய்ய அவள் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. அது அவர் வேலை, வந்து செய்யட்டும் என்பாள். வீம்பு. ஒரு விடியற்காலையில், யாரும் பார்க்காதபோது, மேட்டு விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து, "இதோ வந்திரும்! வந்திரும், வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்து நாய்தான் வந்தது. அவன் கேட்க வேண்டும். அவள் காதில் விழும்படி அவனே கேட்க வேண்டும். கேட்கும் தூரத்துக்கு அவனால் வர முடியாது. தன் வாயே தன்னைப் பூட்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அப்போதுதான் யமீலே பாரீனாஸ் வந்தாள். சரளைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை குறிக்கிறவள். மான்மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, கரையோரமே ஓடி, மறுபடி மேட்டுக்கு ஏறுகிற சுற்று. தூரத்தை அளந்து அளந்து அலுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். பந்தயத்தன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க. உங்களைத் தூரம் கேட்டவன் எல்லாம் முதல் பரிசு வாங்கிட்டுப் போயிருவான்."

"சரி சரி. கீழே அவரைப் பாத்தீங்களா?" என்றாள் எர்மெலிந்தா, பன்னை நகர்த்தியபடி.

"பாத்தேன். ஓட்டலை, உருட்டிக்கிட்டு நடந்தார். வணக்கம் சொன்னார்."

"தூரம் கேட்டாரா?"

"கேக்கலை, அக்கா. ‘கேட்டது போதும்மா. எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் புளுகறீங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

இத்தனை வருஷமும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் எர்மெலிந்தா கோபமாக இருந்தாள். கேட்பதை அவன் விட்டுவிட்டால், அப்புறம் அவன் வெறுமனே சைக்கிள் உருட்டுகிற ஓர் ஆள். பயந்துபோனாள்.

"நான் கடையில இருந்தாத்தானே கேப்பாங்க? எனக்கும் ஒரு சைக்கிள் கொடுங்க. நானும் பந்தயத்துல வர்றேன்" என்றாள்.

பந்தயத்தன்று தொப்பியும் கம்பளிப் பாவாடையுமாக அவள் கீழே இறங்கினாள். பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு சைக்கிளில் உட்கார்ந்தது அன்றுதான். கல்லில் சக்கரம் சறுக்கிய இடங்களில் மாதாவையும் மாதாவின் உறவுக்காரர்களையும் கூப்பிட்டாள். அவனை ஆற்றங்கரை அலரி மரத்தடியில் கண்டாள். சங்கிலியைக் கழற்றி ஆற்று மணலால் தேய்த்துக்கொண்டிருந்தான். மீசை நரைத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்து, "பலோமா ஈன்னுட்டாளா?" என்றான்.

"அவ பேத்தி சினையா இருக்கா. கிளம்புங்க, வீட்டுக்குப் போவோம்."

"அந்த வீடு எனக்கு வராதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். இப்பக் கேளுங்க, எவ்வளவு தூரம்னு கேளுங்க. சொல்றேன்."

"கேக்க மாட்டேன். ஆத்தோரம் போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் கேட்டு வெக்கம் போச்சு."

"ஒரே ஒரு தடவைங்க!"

"நீங்க கோவிச்சுக்காம இருந்திருந்தா ஒரு தடவைகூடக் கேக்க வேண்டியிருந்திருக்காது."

"நீங்க ரெண்டு ஓடு மாத்தியிருந்தா நான் கோவிச்சே இருக்க மாட்டேன்!"

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் ஏறினார்கள். அவனோடு சேர்ந்ததால் அவளுக்கும் பாதை நீண்டது. வளைவு, அதற்குப் பின் வளைவு. பந்தயக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகும்போது "எர்மெலிந்தா அம்மா, இன்னும் எவ்வளவு?" என்று கெஞ்சினார்கள். கொடுத்த வாக்குக்காக அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் வரவும் யாருமில்லை. வெயில் சாய்ந்தது. கெஞ்சினாள், திட்டினாள், கேளுங்கள் என்று கையைப் பிடித்து உலுக்கினாள். அவன் அசையவில்லை. கடைசியில் கால் மரத்துப்போய், சைக்கிளைச் சரளையில் சாய்த்துவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். தந்திரம் எதுவும் மிச்சமில்லை. ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள், வாழ்நாளில் முதல் தடவையாக அவளே கேட்டாள்.

"என்னால முடியலைங்க. நெப்போமுசேனோ, வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

அவனும் பொயாகாக்காரன்தானே. மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தி தூரம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை. கோபம் ஒரு பக்கம் கிடக்க, மரியாதை முந்திக்கொண்டது. ருவானாவைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான்.

"இதோ, அந்த வளைவு தாண்டினா வந்திரும், எழுந்திருங்க" என்றான்.

எழுந்தார்கள். வளைவைத் தாண்டினார்கள். வேலியோரம் கிலோமீட்டர் கற்கள் தோளோடு தோள் நின்றன, முன்பைவிட ஏழெட்டுக் கூடுதலாக. ஒன்றில் கோழி அடைந்திருந்தது. பலோமாவின் பேத்தி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றது.

அடுத்த வருஷத்திலிருந்து யமீலே பந்தயத்தை ஆற்றின் அக்கரைக்கு மாற்றிக்கொண்டாள். மான்மேட்டுக் கடையில் இப்போது தூரம் கேட்டால் புருஷன் பெண்டாட்டி இருவரில் யார் சொன்னாலும் பலிக்கிறது, பன் விலையில் மாற்றமில்லை. நெப்போமுசேனோ திரும்பி வந்த மறுநாளே ஏணியை எடுத்துக் கூரையில் சாத்தினான். இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எர்மெலிந்தா கீழேயிருந்து கேட்டாள். "இதோ ஆச்சு, ரெண்டு ஓடுதான் பாக்கி" என்றான் அவன். அது மட்டும் பலிக்கவில்லை. மழைக்காலம் முடிகிறவரை இருவரும் கட்டிலில் வாளிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகப் படுத்துக்கொண்டார்கள்.