பவுனு பூசிய சைலன்சர்

"அது என் முறுக்கு டப்பா மூடி..."

"தகரம்னா தகரந்தான், அதுல முறுக்குத் தகரம் வேற, சைலன்சர் தகரம்..."

"நாளைக்குச் சீர்ல வைக்கணும்ங்கேன்!"

"வண்டியே போகலன்னா சீர யாரு தூக்கிட்டுப் போறது?"

அழகுமலையின் குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. திராட்சைப் பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய கல்தூண்கள் இரண்டைப் படுக்கப்போட்டு, அவற்றின்மேல் பின்சக்கரங்களை ஏற்றி நிறுத்தியிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். அந்தக் கால்களோடுதான் மனைவி பவுனு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடமலைக்குண்டில் மகள் கயலுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்குத் தங்கள் ஊரான பண்ணைப்புரம் கூட்டிவர வேண்டும். போன மாதம் பார்க்கப் போனபோது, சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்த கார் தெருமுனையில் திரும்பியதுமே கயலின் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தியம்மா என்ன சொன்னாக? இந்தச் சத்தத்துல பிள்ளத்தாச்சிய ஏத்தி அனுப்ப மாட்டேன், பேறுகாலத்த இங்கனயே பாத்துக்கிடுவோம்னாக. ஏற்கெனவே மாங்காயக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறாக, மூணு வேளையும் மொளகு ரசம்னு கயலு போன்ல அழுகுறா."

"அதுக்குத்தான படுத்துக் கெடக்கேன்! பட்டறை ஞாயித்துக்கெழம பூட்டுன்னா நான் என்ன செய்ய?"

"ஒரு மாசமா ஞாயித்துக்கெழமயாவா இருந்துச்சு?"

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

"காலையில எம்சீல் பசைய வச்சு அடச்சீகளே, என்னாச்சு?"

"லேசாப் பொகஞ்சுச்சு."

"லேசாவா? எதுத்த வீட்டுக் கர்ணன் அண்ணன் தண்ணிக் கொடத்தோட ஓடியாந்தாரு."

பவுனு கொல்லைப்புறம் போனாள். களிமண், உமி, சாம்பல் மூன்றையும் குழைத்துச் சட்டியோடு திரும்பி வந்து, சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"தள்ளுங்க."

"ஏய், என்னது இது? அடுப்பு மண்ணா? இது காருடி!"

"என் அடுப்பு பன்னெண்டு வருசமா வெடிக்கல. நெருப்புக்குத் தெரியுமா, இது காரா அடுப்பான்னு?"

அவர் துருவைச் சுரண்ட, அவள் ஓட்டையை மெழுகினாள். அதன்மேல் முறுக்கு டப்பா மூடியை வளைத்துச் சுற்றினார்கள். கிணற்று மோட்டார் ஹோசுக்கு வைத்திருந்த கிளிப்புகளை மாட்டி அழகுமலை முறுக்கினார். பகல் முழுக்கக் காயவிட்டு, சாயங்காலம் சாவியைத் திருகினார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"பொய் சொல்லாதீக."

பவுனு பானெட்டில் கையை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்புதான் எஞ்சினைவிடச் சத்தமாக இருந்தது.

மறுநாள் கார் கடமலைக்குண்டுத் தெருவில் நுழைந்தபோது ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திய சத்தத்தில்தான் மாமியார் வெளியே வந்தார். சீர் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், வாழையிலையால் வாய் கட்டியிருந்த முறுக்கு டப்பாவின் முன் நின்றார்.

"என்ன மதினி, இதுக்கு மூடி இல்லயா?"

"வண்டியில இருக்கு மதினி" என்றாள் பவுனு. அழகுமலை வானத்தைப் பார்த்தார்.

வளையல் அடுக்கியாயிற்று. கயல் காரின் பின்சீட்டில் ஏறி, தாய் வீட்டு மாங்காயை நினைத்து எச்சில் விழுங்கினாள். மாமியார் மட்டும் எஞ்சினைப் போடச் சொன்னார். அணைக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். காரைச் சுற்றி வந்து, பின்னால் குனிந்து காது கொடுத்தார்.

"மண்ணு வாசன வருது. சத்தம் இல்ல" என்றவர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

"செயிச்சுட்டோம்ங்க" என்று பவுனு கணவரின் காதில் கிசுகிசுத்தாள்.

மாமியார் திரும்பி வந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் தலையணை. இடுப்பில் மிளகு டப்பா.

"அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மதினி நான் வரலன்னு இருந்தேன். இப்பத்தான் சத்தமே இல்லையே, பேறுகாலம் முடியிற வரைக்கும் அங்கனயே வந்து இருந்துக்கிறேன். முன்னாடி உக்காரவா, பின்னாடி உக்காரவா?"