வளைவுக்கு முன் ஒரு ஹாரன்

அவன் கேட்டுவிட்டால் கை தானாகப் போய்விடும். கேட்காமல் இருக்கட்டும்.

பின்னால் நெருங்கிவரும் அண்ணனின் வெள்ளைப் படகைக் கண்ணாடியில் பார்த்தபடி அவள் நினைத்தாள். குறுகிய கால்வாயில் முந்த விரும்புகிறவர் ஹாரனில் கேட்க வேண்டும். முன்னால் போகிறவர் சம்மதம் ஊதினால்தான் முந்தலாம். விதி அப்படி. ஆனால் இந்தக் கால்வாய்க்காரர்கள் கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் ஊதிவிடுவார்கள். அது மரியாதை. யோசித்து ஊதினால் தலைக்கனம் என்பார்கள். பயணிகள் படகின் சுக்கான் அவள் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அந்தப் பெயர் வேண்டாம் என்றிருந்தாள்.

இரண்டு நீளம், இரண்டு குட்டை. கேட்டுவிட்டான். இடப்பக்கமாக முந்த வேண்டுமாம்.

அவள் விரல் பொத்தானைத் தொட்டது. முன்னால் வளைவு. அதற்கப்பால் என்ன வருகிறதென்று தெரியாதபடி மரங்கள் மறைத்தன. தண்ணீர் வற்றும் நேரம். வலக்கரையை ஒட்டித்தான் போகிறாள், இன்னும் ஒதுங்கினால் சேறு. கீழே ஒரு பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ரேடியோ கரகரத்தது. "என்ன கேப்டனம்மா, தூங்கிட்டியா? ஊதினேனே!"

"கேட்டுச்சுண்ணே."

"அப்ப பதில் ஊது. என் ஆளுங்க கப்பலைப் பிடிக்கணும். உன் மாட்டு வண்டி பின்னாடி நான் ஊர்வலமா வரணுமா?"

கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த படகு உதவியாள் நங்கூரம் சிரித்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். "விட்டுரும்மா. அண்ணன்தானே."

அண்ணன்தானே. ஜன்னலோர சீட்டுக்கு, மாடி அறைக்கு, எல்லாவற்றுக்கும் அம்மா சொன்னது. அவளும் விட்டாள். அன்பினாலா, சட்டென்று ஒதுங்கிப் பழகிய உடம்பினாலா? நின்று பார்த்ததேயில்லை. இன்றுதான் பார்க்கிறாள், அதுவும் வளைவு நெருங்குகிற நேரத்தில்.

அழுத்தினாள். குட்டையாக ஐந்து தடவை. சம்மதமில்லை.

நங்கூரம் எழுந்தே விட்டார்.

அடுத்து வளைவுக்கான நீண்ட ஹாரன். மரங்களுக்குப் பின்னாலிருந்து அதே நீளத்தில் ஒரு பதில் வந்தது. அதைத் தொடர்ந்து மணல் ஏற்றிய கறுப்புப் படகு, அகலமாக, மெதுவாக வெளிப்பட்டது. அண்ணன் முந்தியிருக்க வேண்டிய இடம் முழுவதும் அதுதான் இருந்தது. அதன் ஆள் கையசைத்தான். அவளும் அசைத்தாள்.

கண்ணாடியில் வெள்ளைப் படகு வேகம் குறைத்து, அவளுக்கு நேர் பின்னால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ரேடியோ மறுபடி கரகரத்தது.

"ஏய்..."

"சொல்லுண்ணே."

"பயந்துட்டியா?"

"ஆமா. நீ?"

"இந்தா பாரு, அம்மா காதுக்கு எப்படியும் போயிரும். நான்தான் பெரிய மனசு பண்ணி உன்னை முன்னாடி விட்டேன்னு சொல்லிடு. என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் மேல் பிரியம் இருக்கத்தான் செய்கிறது, அவள் ஒதுங்கிக் கொடுக்காதபோதும் இருக்கிறது. வளைவு தாண்டி, கால்வாய் வெளிச்சமாக விரிந்தது.

"மாட்டேண்ணே," என்றாள், குழந்தை எழுந்துவிடாத குரலில்.