சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். முட்டி வலிக்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சின்னவர்கள் தரையில் சாய்ந்துகொள்ளலாம். இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு கோபத்தின் கதை. பயப்படாதீர்கள், அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. கேட்டு முடித்தபின் உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கும் ஒருத்தி இருந்தாள். சாவி செய்கிறவனுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற கடை. எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. எறும்புத் தலை அளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து மாட்டிவிடுவாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் நினைவுப் பதக்கங்கள்.

பந்தயத்தில் ஜெயித்தால் கழுத்தில் மாட்டுவார்களே, அதில்லை. பாலம் திறந்தாலோ, நூலகத்துக்கு நூறு வயதானாலோ, ஞாபகத்துக்கென்று உள்ளங்கை அகலத்தில் வெண்கலத்தில் அடித்துக் கொடுப்பார்களே, அது. வாங்கினவர்கள் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துபோவார்கள். அவர்கள் போனபின் பிள்ளைகள் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து அக்காவிடம் வரும். முன்பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய மனிதரின் தலை, தொந்தி தெரியாதபடி கழுத்தோடு வெட்டியிருக்கும். அக்கா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று திருப்புவாள். காசு கொடுத்தவருக்கு முன்பக்கம், சிற்பிக்குப் பின்பக்கம் என்பாள். பாலத்துப் பதக்கத்தின் பின்னால் மழைக்கு ஒதுங்கிய ஒரு கழுதை இருந்தது. நூலகத்துப் பதக்கத்தின் பின்னால் ஒரு கிழவர் திறந்த புத்தகத்தில் கன்னம் வைத்துத் தூங்கினார்.

அதில் ஒன்று மட்டும் தனி. ஒரு பீங்கான் தொழிற்சாலையின் பொன்விழாவுக்கு அடித்தது. முன்னால் முதலாளி, மீசையோடு. பின்னால் நீளப் பெஞ்சில் மூன்று பெண்கள் கோப்பை விளிம்புக்குக் கோடு போடுகிறார்கள். நடுவில் இருப்பவள் கோப்பையைக் கவிழ்த்து மூன்று விரலில் நிறுத்தி, தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரலை அதன் வயிற்றில் ஊன்றியிருப்பாள். அது அக்காவின் அம்மா. அந்தப் பிடி வேறு யாருக்கும் கிடையாது. சிற்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து வரைந்ததையும், தான் கூச்சத்தில் நிமிராமலே இருந்ததையும் அம்மாவே மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பதக்கம் அதிகாரிகளுக்குப் போனது. அம்மாவின் கண்ணில்கூடக் காட்டவில்லை. பார்வை மங்கி, போட்ட கோடு கோணியதும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அதனால்தான், பிற்பாடு பழைய சாமான் குவியலில் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தபோது அக்கா விலைகூடக் கேட்காமல் அந்தப் பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அம்மா போனபோது தம்பி நடை பழகுகிற குழந்தை. முகம் ஞாபகமில்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. வளர்ந்து டைல்ஸ் வியாபாரி ஆனான். கெட்டவன் இல்லை, வாய் சர்க்கரை, காதுதான் ஓட்டை. பதக்கம் வீட்டுக்கு வந்த அன்றே அக்கா அவனிடம் கதை முழுவதும் சொன்னாள். அவன் போனில் யாருக்கோ குளியலறை அளவு சொல்லிக்கொண்டே இவளுக்குத் தலையை ஆட்டினான். "அம்மா மெடல்" என்ற இரண்டு சொல் மட்டும் உள்ளே போயிற்று.

அவன் பெரிய கடை ஒன்று திறக்க இருந்தான். திறந்துவைக்க வருபவர் அதே பீங்கான் முதலாளியின் பேரன். இப்போது அடுக்குமாடி கட்டுகிறவர். அவர் கட்டடங்களுக்கு டைல்ஸ் போடுகிற வேலை கிடைத்தால் ஏழு தலைமுறைக்குக் கவலையில்லை என்று தம்பி கனவு கண்டான். அக்காவிடம் வந்து குழைந்தான். உன் மெடலையெல்லாம் ஒரு நாள் கொடு, கடையில் அழகாக வைக்கிறேன், தாத்தா முகத்தைப் பார்த்தால் அவர் மனசு குளிரும் என்றான். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தூக்கி வளர்த்த பிள்ளை கேட்கிறான். கண்ணாடிப் பெட்டியில் வை, அடியில் நிலைக்கண்ணாடி போடு, இரண்டு பக்கமும் தெரியணும் என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

திறப்புவிழாக் காலையில், பேரன் வருவதற்கு முன்னால், அக்கா கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடிப் பெட்டி எங்கும் இல்லை. கல்லாவுக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில், கதவு அகலத்துக்கு ஒரு கறுப்புப் பளிங்குப் பலகை. அதில் அவள் பதக்கங்கள் எல்லாம் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. எல்லாம் தலைப்பக்கம். நட்டநடுவில் மீசை.

அக்கா நாற்காலி மேல் ஏறி விரல்நகத்தால் ஒன்றை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"எதுல வச்சிருக்க?" என்றாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலுக்கு ஓடிவிடுவார்கள்.

தம்பி பெருமையாகச் சொன்னான். "ரெண்டு டப்பா கலக்குற பசை அக்கா. வெளிநாட்டுச் சரக்கு. இடி விழுந்தாலும் வராது. பின்னாடி மேடு பள்ளமா இருந்துச்சா, கப்புனு பிடிச்சிக்கிச்சு."

அவன் தொழில் அப்படி, கண்ணுகளா. டைல்ஸுக்கு முகம் ஒன்றுதான், முதுகு பசைக்கு. முதுகில் வரி வரியாக இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். வாழ்நாளெல்லாம் அதையே பார்த்த கண், பதக்கத்தையும் அப்படித்தான் பார்த்தது. தன் அம்மாவின் மூக்கையும் கன்னத்தையும் விரலையும் பசை பிடிக்கிற வரி என்று நினைத்துவிட்டது.

"திருப்பிப் பாத்தியாடா?"

"பின்பக்கத்துல என்னக்கா இருக்கப் போகுது? அம்மாவுக்குக் கொடுத்த மெடல்னுதான நடுவுல வச்சேன்."

"அம்மாவுக்கு எவன்டா மெடல் கொடுத்தான்? அம்மாவே அதுலதான்டா இருக்கா. நீ முகத்துல பசையப் பூசி சுவத்துல அடிச்சு வச்சிருக்க."

தம்பி பலகையை நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், அப்புறம் பேசிக்கலாம் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினான். அக்காவுக்கு உச்சந்தலையில் தீ வைத்த மாதிரி இருந்தது. அந்த ஓட்டம்தான் அவளை எரித்தது, பசை இல்லை.

பேரன் மரியாதையான ஆள்தான். நாடாவை வெட்டினார், நல்ல வார்த்தை நாலு பேசினார். பலகையைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனார். தாத்தா தொழிலாளிகளைக் குடும்பமாக நடத்தினவர், ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும் என்று வந்தவர்களிடம் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தம்பியின் தோளில் கை போட்டார். இந்தப் பலகை தன் அலுவலக வரவேற்பறையில் இருக்க வேண்டியது, விலை எதுவானாலும் சரி என்றார்.

"விலை எதுக்கு சார்? உங்களுக்குத்தான்" என்றது தம்பியின் சர்க்கரை வாய். சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சொல் வெளியே வந்தாயிற்றே.

அக்கா முன்னால் வந்தாள். "அந்தப் பலகையில ஒண்ணுகூட இவனோடது இல்ல. எல்லாம் என்னோடது" என்றாள். பேரன் தடுமாறி, அப்படியென்றால் உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன் அம்மா என்றார். தாத்தாவின் முகம் தன் வீட்டிலேயே இல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னார்.

"உங்க தாத்தா முகம் தெருவுக்குத் தெரு சிலையா நிக்குது. எங்க அம்மாவுக்கு இருக்கிற முகம் இது ஒண்ணுதான். அதுவும் உங்க தாத்தாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. அவ பேர் அவருக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க, தர்றேன்."

அக்கா தம்பியிடம் திரும்பினாள். "நீ இறக்குறியா, நான் இறக்கட்டுமா?"

"சார் போகட்டும் அக்கா" என்று அவன் முணுமுணுத்தான்.

அவ்வளவுதான். மூலையில் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரியின் சாமான்பை கிடந்தது. அக்கா சுத்தியலை எடுத்தாள், மறுபடியும் நாற்காலியில் ஏறினாள். எறும்புத் தலை திருகாணியை நடுங்காமல் மாட்டுகிற கை, அன்றைக்கும் நடுங்கவில்லை. பதக்கம் எதிலும் படாமல் பலகையின் மூலையில் ஓங்கி அடித்தாள். கடையிலேயே விலை கூடின பளிங்கு ஒரே அடியில் விரிசல் விட்டது. மேஸ்திரி ஓடிவந்து, அம்மா நிறுத்துங்க, நீங்க அடிச்சா சில்லு தெறிச்சு எல்லாத்தையும் கீறிடும், நான் அறுத்துத் தர்றேன் என்று கெஞ்சிச் சுத்தியலை வாங்கிக்கொண்டான். பேரன் எப்போது கிளம்பினார் என்று யாரும் பார்க்கவில்லை. அவரோடு ஏழு தலைமுறைக் கனவும் காரில் ஏறிப் போயிற்று.

மேஸ்திரி தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுத்தான். முதுகில் பளிங்குத் துண்டோடு பதக்கங்கள் அக்காவின் கடைக்குப் போயின. நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டாள். பசை உடனே கரையவில்லை, சோம்பேறித்தனமாக இளகியது. கல் விட்டதும், வெண்கலம் கீறிவிடாமல் மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் தம்பி வந்து பக்கவாட்டில் நுழைந்தான். மன்னிப்பு என்று ஆரம்பித்தான். அக்கா ஒரு குச்சியை நீட்டினாள்.

"வாய மூடிக்கிட்டுச் சுரண்டு."

வாரக் கணக்கில் சுரண்டினான். கடையை அடைத்துவிட்டு நேரே வருவான். அக்கா டீ வாங்கினால் தனக்கு மட்டும்தான் வாங்குவாள். முதலில் கோப்பை வெளியே வந்தது, பிறகு அந்தச் சுண்டுவிரல், பிறகு குனிந்த நெற்றி. மூக்கும் கன்னமும் தெரிந்த அன்று அவன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அக்கா, என் மூக்கு."

"இத்தனை நாளும் அதைத்தான்டா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. கண் கலங்கினாலும் குரலில் சூடு குறையவில்லை.

கூந்தல் கோடுகளுக்குள் மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம் பசை தங்கிவிட்டது. தம்பி அதையும் எடுக்கப் பார்த்தான். அக்கா கையைத் தட்டிவிட்டாள். நரை விழுகிற வயதுவரை அம்மாவை யாரும் விட்டுவைக்கவில்லை, இருக்கட்டும் என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடிக் கம்பியை வளைத்து ஒரு தாங்கி செய்து, பணிமேசையில் நிறுத்தினாள். பெண்கள் கடையைப் பார்த்தபடி, மீசை சுவரைப் பார்த்தபடி.

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். கழுதையும் கிழவரும் இன்னும் பசைக்குள்ளேதான் இருக்கிறார்கள். தம்பி சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

நேரமாகிறது, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைத்தவர்களின் முகம் ஒருநாளும் சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். சொல்கிறவர்களுக்கு வாயும் கேட்கிறவர்களுக்குக் காதும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் சண்டை வந்தால், சண்டை போட்டவர்கள் சாயங்காலம் அதே வாசலுக்குத் திரும்பி வரட்டும். நன்றாக இருங்கள்.