நாற்பத்து மூன்றில் ஒன்று

அலுவலகத்தில் அவனுக்கு நீதிபதி என்று பட்டப்பெயர். அவன் எழுதுவது கம்பைலர். ஆட்கள் எழுதும் நிரலைப் படித்து எந்திரத்துக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருவது அதன் வேலை. படிக்கும்போதே எந்த வரியில் என்ன பிழை என்று சொல்லவும் வேண்டும். நான்கு பேராகச் சேர்ந்து புதிய கணினி மொழி ஒன்றை உருவாக்கியபோது, பிழைகளுக்குத் தீர்ப்பெழுதும் பகுதி இவன் தலையில் விழுந்தது. ஏழு வருடமாகத் தீர்ப்பெழுதிக்கொண்டிருக்கிறவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"தெரியுமா மாப்ளே? உங்கக்கா நாளையோட படிப்ப விடுறா. லெட்டர்கூட எழுதியாச்சு."

"என்ன படிப்பு?"

அக்கா அத்தானை முறைத்தாள். அந்த முறைப்புக்கு வேறு யாராவதாக இருந்தால் எழுந்தே போயிருப்பார்கள். அத்தானுக்குப் பழகிவிட்டது.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்தவள். தன் கை பட்ட கடிதத்தில் ஓர் எழுத்துகூடத் தவறியதில்லை என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத கர்வம். கம்பெனியை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. நிரல் எழுதும் படிப்பை முடித்தால் குடிநீர் வாரியத்தில் வேலை கிடைக்கும் என்று மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். அங்கே கற்றுத் தந்தது இவனுடைய மொழியைத்தான். தேர்வு முடிந்து வேலைக் கடிதத்தை இவன் முன்னால் நீட்டலாம் என்று மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க்கா விடுற?"

"எனக்கு வரலடா. விட்டுடு."

"அவ எழுதினது இருபத்தெட்டு வரி," என்றார் அத்தான். "தப்பு நாப்பத்து மூணு. எழுதாத வரியிலயும் தப்பு பண்ண உங்கக்காவாலதான் முடியும்."

இவன் சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போனவள் குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றாள். அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் இவனுக்கு உறைத்தது.

சாப்பிட்டானதும் நோட்டைக் கேட்டு வாங்கினான். கணினி காட்டும் ஒவ்வொரு பிழையையும் அதற்குச் செய்த திருத்தத்தையும் எழுதி வர வேண்டும் என்பது வகுப்பில் கட்டளையாம். அக்கா எழுதியிருந்தாள். வரிசை எண், பிழை, திருத்தம் என்று கோடு போட்டு, அச்சடித்த மாதிரி. முதல் நாள் நாற்பத்து மூன்று. அத்தனையையும் திருத்தினாள், மறுநாள் ஐம்பத்தெட்டு. அதையும் திருத்தினாள், எழுபத்தொன்று. அந்தப் பக்கத்துக்குப் பிறகு நோட்டில் ஒன்றும் இல்லை.

முதல் நாள் எழுதிய நிரலைப் படித்தான். ஒன்பதாவது வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்தவள் மூடவில்லை. அவ்வளவுதான். மற்ற இருபத்தேழு வரியும் பழுதில்லாமல் இருந்தன.

"ஐயோ அக்கா, இதுக்கா? முதல் பிழைய மட்டும் பாத்துத் திருத்தணும். மிச்சத்தக் கண்டுக்கவே கூடாது. எல்லாருக்கும் தெரியுமே!"

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

இவன் மடிக்கணினியைத் திறந்து அவளுடைய நிரலை அடித்து, விட்டுப்போன குறியைப் போட்டான். ஒரு பிழையும் வரவில்லை. தேதி கொடுத்தால் நிரல் கிழமை சொன்னது. அக்கா முகம் மலரும் என்று நிமிர்ந்து பார்த்தான். அது சிவந்திருந்தது.

"அப்ப மிச்சம் நாப்பத்திரண்டு?"

"அதெல்லாம் உன்னோடது இல்லக்கா. அந்த இடத்துல கம்பைலர் தடுமாறிடுச்சு. அப்புறம் வந்த நல்ல வரியெல்லாம் அதுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு."

"தடுமாறினது அது. தப்பு பண்ணேன்னு என்னச் சொல்லுது."

"குழம்பிப் போய்…"

"குழம்பினா வாய மூடிட்டு இருக்கத் தெரியாதா அதுக்கு? மூணு நாள்டா! மூணு நாள் உக்காந்து நல்லா இருந்த வரியெல்லாம் நானே கெடுத்திருக்கேன். அது சொல்லுச்சுன்னு!"

தடுமாறிய கம்பைலர் எந்த இடம்வரை வாயைத் திறக்காமல் போய், எங்கே மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்க முடியும். கடினம்தான், ஆனால் முடியாத வேலை இல்லை. ஆறு வருடமாக அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வந்தவன் இவனேதான். கம்பைலரின் வேகத்தைக் கூட்டினால் கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். தொழிலில் பழகியவர்கள் முதல் பிழைக்குக் கீழே படிப்பதே இல்லை என்பதால் யாரும் குறை சொல்லவும் இல்லை. இவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நாப்பத்திரண்டும் என்னோடதுக்கா," என்றான். "அந்தப் பகுதிய எழுதினது நான்தான்."

அக்கா படிப்பை விடுவதாக எழுதிய கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"நாளைக்கு வகுப்புக்குப் போறேன். நீயும் நாளைக்கு ஆபீஸ் போனதும் இத முதல்ல சரி பண்ணு."

"பண்றேன்க்கா."

"எங்க வகுப்புல ஒன்பது பேர் நின்னுட்டாங்க, தெரியுமா? எனக்காவது தம்பின்னு நீ வந்து சொன்ன. அவங்களுக்கு யாருடா சொல்லுவா?"

அக்கா விடுகிற ஆள் இல்லை. கைபேசியில் ஓர் எண்ணைத் தேடி அழுத்தி இவன் கையில் திணித்தாள். வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணாம். போன மாதம் நின்றுவிட்டாளாம்.

மறுமுனையில் குரல் கேட்டதும் இவன் தான் யார் என்று சொன்னான். கம்பைலரைப் பற்றிச் சொன்னான். மன்னிப்புக் கேட்டான்.

"எனக்கு அறுபத்தி ஒண்ணு வந்துச்சுங்க," என்றாள் அந்தப் பெண்.

"அதுல ஒண்ணுதான் உங்களோடதா இருக்கும்ங்க. மிஞ்சிப் போனா ரெண்டு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான்.

"புத்தகத்தையெல்லாம் குடுத்துட்டேங்க. நோட்ட மட்டும் குடுக்க மனசு வரல," என்றது குரல். "கொஞ்சம் இருங்க, எடுத்துட்டு வந்து படிக்கிறேன். அந்த ஒண்ணு எதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."