ருரி விக்கல்

வீட்டில் ஒருவர் இறந்த பிறகு வரும் முதல் ஓபோன் என்னும் நீத்தார் பண்டிகைக்கு வாசலில் வெள்ளை விளக்குத் தொங்கவிடுவார்கள். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஊதுபத்தி ஏற்றலாம். வந்தவரை வீட்டுக்காரி திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் அன்று மதியம் கதவை நகர்த்தித் திறந்த டோகியேவுக்கு, அதை ஏற்படுத்தி வைத்த முன்னோர்கள் மீது முதன்முறையாகக் கோபம் வந்தது. கொளுத்தும் வெயிலில் கறுப்பு உடையில் பாடகி ருரி நின்றுகொண்டிருந்தாள்.

"வாத்தியார் வீட்டம்மா, சௌக்கியமா இருக்கீங்களா?"

முகத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். இரண்டும் டோகியேவுக்குச் சற்று ஆறுதலாக இருந்தன. ஆனால் குரலுக்கு மட்டும் வயதே ஏறவில்லை. பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஹமானோ அம்மாள் அந்தக் குரலைக் கேட்டதும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அட, நம்ம சுகிமாரு ருரி!" என்றாள். அதோடு விட்டாளா? துக்க வீட்டு வாசல் என்றும் பாராமல் பாடவே ஆரம்பித்துவிட்டாள்.

சுத்திச் சுத்திப் புகையுது
சுகிமாரு புகையுது
அப்பா தூங்க, பாப்பா தூங்க,
கொசுவும் போயி... ம்... தூங்குது.

அந்த 'ம்'மில் சரியாக அரை மூச்சு நிறுத்தி, கண்ணைச் சிமிட்டி முடித்தாள். ருரி அடக்கமாகக் குனிந்து வணங்கினாள். டோகியேவுக்கு வயிறு எரிந்தது. எழுபத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். வயிறு கேட்க வேண்டுமே.

வகாயாமாவில் பிறந்த யாரை உலுக்கி எழுப்பினாலும் இந்தப் பாட்டைப் பாடுவார்கள். சுகிமாரு கொசுவர்த்திச் சுருளின் விளம்பரம். மே மாதம் தொலைக்காட்சியில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. நீச்சல்குளத்திலிருந்து திரும்பும் பிள்ளைகள் பாடுவார்கள், சாராயக்கடையிலிருந்து கிளம்பும் அப்பன்மார்கள் பாடுவார்கள். யார் பாடினாலும் கடைசி வரியில் அந்த இடத்தில் நிறுத்தித்தான் பாடுவார்கள். அந்த நிறுத்தலுக்கு ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் 'ருரி விக்கல்' என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. பாட்டு வந்த வருஷம் ஊரில் பாதிப் பெண்கள் பேச்சுக்கு நடுவே அப்படி ஒரு விக்கல் விக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

அது விக்கலே இல்லை. டோகியேவின் சிரிப்பு அது.

அவள் கணவர் ஷுன்ஸோ விளம்பரப் பாட்டு எழுதிப் பிழைத்தவர். பாடகிகளுக்கு அவர் 'வாத்தியார்'. மெட்டுப் போட்டதும் கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டவும், பாடகி பாடம் பண்ணவும் ஒரு மாதிரிப் பாட்டுப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதை யார் பாடினாலும் சரிதான், பிறகு தூக்கிப் போடப்போகிற டேப். கல்யாணமான புதிதிலிருந்து அதைப் பாடிக்கொண்டிருந்தவள் டோகியே. பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். மிஸோ என்னும் சோயா விழுதுக்குப் பாடியிருக்கிறாள், சுற்றுலாப் பேருந்துக்குப் பாடியிருக்கிறாள், பல்செட் கழுவும் பொடிக்குக்கூட உருகி உருகிப் பாடியிருக்கிறாள். அவளுடைய நாளில் அதுதான் நல்ல பொழுது.

சுகிமாரு பாட்டைப் பதிவு செய்த அன்று சாயங்காலம், சிள்வண்டுச் சத்தம் டேப்பில் ஏறிவிடக் கூடாது என்று சன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. ஷுன்ஸோ பனியனோடு உட்கார்ந்து, ஒரு கையில் மைக்கைப் பிடித்து, மறு கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சியால் தாளம் காட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரி வரும்போது ஒரு கொசு வந்து அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. கொசுவர்த்திப் பாட்டுக்கே வந்து உட்கார்ந்த கொசு! இரண்டு கையும் அகப்பட்டுக்கொண்டதால் மனிதர் அதை அடிக்கவும் முடியாமல், இரண்டு கண்களையும் மூக்குக்குக் கொண்டுவந்து முறைத்துக்கொண்டே தாளம் போட்டார். டோகியே சிரிப்பை அப்படியே விழுங்கினாள். 'தூங்குது' அரை மூச்சுத் தாமதமாக வந்தது.

"மறுபடி பாடட்டுங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம் விடு, மாதிரிதானே" என்றார்.

அடுத்த மாதம் சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் பாட்டு வந்தது. ருரியின் குரல். கடைசி வரியில் டோகியேவின் சிரிப்பு, விழுங்கிய இடம் பிசகாமல், அந்தக் குரலில் உட்கார்ந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றார். மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. "இனிமே மாதிரியும் ருரியே பாடிடுவா. உனக்கும் வீட்டு வேலை இருக்கு" என்று டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டுபோய் ஒசாகா ஸ்டூடியோவில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு டோகியே பாடவில்லை, குளிக்கும்போதுகூட. ருரியின் குரலைக் கேட்ட காதுக்குத் தன் குரல் தகரமாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதிவு நாட்களில் அவர் ஒசாகாவிலேயே தங்கிவிட்டு வருவார். அவர்கள் இருவருக்கும் இடையே என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஆனால் பொறாமையை அவள் சும்மா வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் கோடை மரியாதைப் பரிசாக ருரியிடமிருந்து ஒரு பெட்டி வரும். உள்ளே சுகிமாரு சுருள்கள். கம்பெனி அவளுக்கு இலவசமாகக் கொடுப்பதை இங்கே தள்ளிவிடுகிறாள் என்பது டோகியேவின் கட்சி. வந்த பெட்டியை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, கடைக்குப் போய் வேறு கம்பெனிச் சுருள் வாங்கி வருவாள். மரியாதைக்குப் பதில் மரியாதை செய்தாக வேண்டுமே, அதையும் செய்தாள். ஊரிலேயே உப்பும் புளிப்பும் அதிகமான ஊறுகாய் உமே பழத்தைத் தேடிப் பிடித்து வாங்கி, அழகான காகிதத்தில் சுற்றி, பாடகியின் தொண்டைக்கு வருஷம் தவறாமல் அனுப்பி வைத்தாள்.

ருரி உள்ளே வந்தாள். பூஜை மாடத்தின் முன் கையை ஊன்றாமல் மண்டியிட்டாள். வலிக்கும் தன் இரண்டு முழங்காலும் நினைவுக்கு வர, டோகியே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ருரி மணியைத் தட்டினாள், ஊதுபத்தி ஏற்றினாள், ஷுன்ஸோவின் படத்தின் முன் கைகூப்பி நெடுநேரம் இருந்தாள். அந்த நேரம் கொஞ்சம் அதிகம் என்று டோகியேவுக்குப் பட்டது. அவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாற்கோதுமைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். ருரி அதைத் தொடவில்லை.

"டாக்ஸிய வாசல்லயே நிக்கச் சொல்லியிருக்கேன். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்" என்றாள். "அந்தப் பாட்டப் புதுசா எடுக்கறாங்க. இருபது வயசுப் பொண்ணு ஒண்ணு பாடுது."

"அப்படியா. சந்தோஷம்."

"என்னையும் கூப்பிட்டு, மாலை போடாத குறையா நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுச்சு. தேன் மாதிரி. ஆனா டைரக்டர் விடல. 'ருரி விக்கல் வரல, ருரி விக்கல் வரல'ன்னு என் டேப்பப் போட்டுப் போட்டுக் காட்டறான். கடைசில அந்தப் பொண்ணு காதுல மாட்டியிருந்தத கழட்டி வெச்சுட்டு, 'அவங்க மாதிரியே வேணும்னா அவங்களையே பாடச் சொல்லுங்களேன்'னு சொல்லிட்டா. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"சிரிப்பு எதுக்கு?"

"நானும் அதே வார்த்தைய சொல்லியிருக்கேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட."

டோகியேவின் கை தட்டின் மேல் நின்றது.

"நானும் மொதல்ல நேராத்தான் பாடினேன். அந்த இடம் டேப்புல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வாத்தியார் கேக்கல. அப்படி நிறுத்து, இப்படி நிறுத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தொண்டை போச்சு. 'உங்க வீட்டம்மா மாதிரியே வேணும்னா, அவங்களையே கூட்டிட்டு வாங்க'ன்னு கத்திட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

ருரி படத்தைப் பார்த்தாள்.

"'கம்பெனிக்காரன் பேர் தெரிஞ்ச பாடகி வேணுங்கறான், இல்லேன்னா கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன். அந்த இடத்துல எம் பொண்டாட்டி என்னப் பாத்துச் சிரிச்சா. அது இல்லேன்னா இது வெறும் கொசுவர்த்தி'ன்னாரு."

வெளியே டாக்ஸி என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஸ்டூடியோ கக்கூஸ்ல போய் அழுதேன்" என்றாள் ருரி. "அப்புறம் வந்து, அவர் கேட்ட மாதிரியே பாடிக் குடுத்தேன். ஆனா ஒரு நிபந்தனை போட்டேன். இனிமே அவங்க குரல் இருக்கற டேப் எதையும் என் கையில குடுக்காதீங்க, மாதிரியும் நானே பாடிக்கறேன், முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்குங்கன்னு. சுகிமாருக்காரங்க அப்ப என்னத் தலைமேல வெச்சு ஆடிக்கிட்டிருந்தாங்க. வாத்தியார் என்ன செய்வாரு, சரின்னுட்டாரு."

"அது நீங்களா?"

"நான்தான்."

டோகியேவுக்குக் காது இரண்டும் சுட்டன. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த சாயங்காலங்கள் நின்றுபோனதும், அதற்குப் பிறகு பாத்திரம் மட்டுமே கழுவிய சாயங்காலங்களும், எங்கோ ஒசாகாவில் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் வந்தவை. தன் குரல் தகரம் என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தாளே. அந்தத் தேநீரை எடுத்து எதிரே இருந்த கறுப்பு உடையில் ஊற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஊரே உங்க சிரிப்ப எம் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றாள் ருரி. "மேடைக்கு மேடை அதையே பாடச் சொன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"உங்களுக்கா? உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு என்கிட்ட வந்து கேக்கறீங்களா?" டோகியேவின் குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்தில், நாற்பது வருஷமாகப் பல்லுக்குள் வைத்திருந்ததும் வெளியே வந்து விழுந்தது. "அவரப் பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சிருந்துது" என்றாள் ருரி, இழுக்காமல். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படி ஒரு வார்த்தைய என்கிட்டயா சொல்லியிருப்பாரு?"

ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. சந்தோஷம் வரட்டும் என்று டோகியே காத்திருந்தாள். வரவில்லை. வந்தது பொறாமைதான், இது புதியது, பழையதைவிடக் கூர்மையானது. அவள் சமைத்ததைத் தின்று, அவள் துவைத்ததை உடுத்தி, அவள் மடியில் தலை வைத்துச் செத்த மனிதர், இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 'நல்லா வந்திருக்கு, இல்ல?' அவ்வளவுதான் அவள் பங்கு. மிச்சம் முழுதும் இத்தனை காலமும் இவளிடம் இருந்திருக்கிறது. அடகுக்கு வந்த நகையைக் கடைக்காரி போட்டு அழகு பார்ப்பதுபோல, நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்திருப்பாள். அழுவதற்காகத்தான் எடுத்துப் பார்த்தாள் என்றாலும், எடுத்துப் பார்த்தவள் இவள்தானே.

வாசலில் டாக்ஸிக்காரர் ஒருமுறை ஒலி எழுப்பினார். ருரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

"அவர் எப்படிச் சொன்னாரு?" என்றாள் டோகியே.

"அதான் சொன்னேனே."

"அது நீங்க சொன்னது. அவர் எப்படிச் சொன்னாரு? உங்களுக்குத்தான் யார் எப்படிப் பாடினாலும் அப்படியே வருமே. அவர் மாதிரியே சொல்லுங்க."

ருரி அவளைப் பார்த்தாள். விளையாட்டா, வம்பா என்று தெரியவில்லை போலிருந்தது. இரண்டும் இல்லை என்று புரிந்ததும், மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். குரலை எங்கோ அடியில் இறக்கி, ஷுன்ஸோவின் மூக்கடைத்த இழுப்போடு, வாக்கியத்தை ஆரம்பிக்குமுன் அவர் நாக்கைச் சப்புக்கொட்டும் அந்தச் சின்னச் சத்தத்தோடு சொன்னாள்.

"அந்த எடத்துல எம் பொண்டாட்டி என்னப் பாத்துச் சிரிச்சா..."

அறையில் அவர் இருந்தார். இளமையாக, பனியனோடு, வியர்வையோடு. டோகியே கண்களை இறுக மூடிக்கொண்டாள். வாக்கியம் முடிந்து, அவரும் போய்விட்டார்.

வாசலில் மறுபடியும் ஒலி கேட்டது. டோகியே கண்ணைத் திறக்காமலே, "அந்த ஆளப் போகச் சொல்லு" என்றாள். கையால் துழாவி, தொடாமல் கிடந்த தேநீர்க் கோப்பையை ருரியின் பக்கம் நகர்த்தினாள்.

"தொண்டைய நனச்சுக்கிட்டு, மறுபடி சொல்லு."

கோப்பை வைக்கப்படும் சத்தம் கேட்டது. எதிரே உடை சரசரத்தது. மைக் முன்னால் உட்காருபவளைப் போல ருரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தாள்.