என் காலும் ட்ரெய்லர் பிரேக்கும்

பொம்பளைக் காலுக்குப் பிரேக் மிதிக்கத் தெரியாதாம். என் மாமனார் ஆர்வில் இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தீவனக் கடையில், காலைக் காபிக்குக் கூடும் பெரிசுகள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

போன வாரம் என் குதிரை ஜூனிப்பரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் வந்தேன். மிதித்தால் முன்னால் இழுக்கிற பிக்கப் வண்டி நிற்கப் பார்க்கிறது, ட்ரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. அடிவாரத்து வளைவில் வேலிக் கம்பத்தை உரசிக்கொண்டுதான் நின்றேன். குதிரை தப்பியது. வீட்டுக்கு வந்ததும் மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

இன்று எங்கள் மாவட்டமான கவுண்டியின் திருவிழாவில் பீப்பாய்ப் பந்தயம், பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் போட்டி. வருஷம் முழுக்க அதற்காகத்தான் நானும் ஜூனிப்பரும் வியர்வை சிந்தினோம்.

"டேல் ஓட்டட்டும். நீ பக்கத்துல உக்காந்துக்க," என்றார் மாமா. டேல் என் கொழுந்தன்.

"டேல் ஓட்டுனா மட்டும் ட்ரெய்லர் மாறிடுமா மாமா? உள்ள நிக்கப்போறது என் குதிரை. சாவியக் குடுங்க, வாசலத் தாண்ட மாட்டேன்."

முனகிக்கொண்டே கொடுத்தார். ட்ரெய்லர் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தின் பிரேக் ட்ரம்மை நேற்றே கழற்றிப் பார்த்தாயிற்று. பிரேக் கட்டை தேயவில்லை, கரண்டு வந்தால் கட்டையை நெருக்கும் காந்தத்திலும் குறையில்லை.

"சக்கரத்தச் சுத்துங்க மாமா."

அவர் சுற்றினார். நான் பிக்கப்பில் ஏறி, ட்ரெய்லர் பிரேக்குக்கென்று இருக்கும் கைப்பிடியை முழுசாக அழுத்தினேன். சக்கரம் சோம்பேறி மாதிரி சுற்றிச் சுற்றி நின்றது.

"இப்ப யார் கால் மிதிச்சுது?" என்றேன்.

பிக்கப்பிலிருந்து காந்தத்துக்குக் கரண்டு போனால் மட்டும் போதுமா, அது திரும்பி வர வழி வேண்டாமா? பேட்டரி செத்தால் மாட்டும் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பிக்கப்பின் சட்டத்திலும் மறுமுனையை ட்ரெய்லர் அச்சின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டேன். மறுபடி சுற்றச் சொன்னேன். அழுத்தியதும் சக்கரம் டக்கென்று இறுகியது. மாமா கையை உதறிக்கொண்டார்.

அப்புறம் தேட என்ன இருக்கு? ட்ரெய்லரின் எர்த் கம்பியைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். பெயிண்ட் வழியே கரண்டு எப்படிப் போகும்? ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு இங்கே எல்லோரும் ட்ரெய்லருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். போல்ட்டைச் சுற்றிப் பூசிவிட்டுப் போகிறவர்களை மாமா கிண்டல் செய்யாத வருஷமில்லை. அவர் கழற்றி, அடியிலும் பூசி, காயவைத்து, திரும்ப முடுக்குகிற ஆள்.

"நான்தாம்மா அடிச்சேன்," என்றார் மெதுவாக.

"தெரியும். ஏறுங்க."

இரும்பு தெரியச் சுரண்டி முடுக்கினேன். ஜூனிப்பரை ஏற்றினேன். மலையிறக்கத்தில் மாமா கதவுப்பிடியை விடவே இல்லை. அதே வளைவில் மிதித்தேன். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, கம்பத்துக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றது.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, மைதானத்துக்குப் போ."

"முதல்ல தீவனக் கடை."

"பந்தயத்துக்கு நேரமாவுதேம்மா."

"என் காலப் பத்தி எங்க பேசுனீங்களோ, அங்கயே பெயிண்டப் பத்தியும் பேசிட்டு வாங்க. நான் இன்ஜினை அணைக்காம காத்திருக்கேன்."

கடை வாசலில் நிறுத்தினேன். ஜன்னல் வழியே எல்லாத் தலையும் திரும்பியது. மாமா இறங்கினார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.