ஜெனிவாத் தட்டு

எரியோட்டில் தந்தி என்றால் சாவுதான். கல்யாண வாழ்த்துக்கெல்லாம் தந்தியடிக்கிற அளவுக்கு அங்கே யாரும் பெரிய மனுசராகியிருக்கவில்லை. அதனால் 1961 தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தபால்காரர் சனாவுல்லா பந்தலுக்குள் வந்து "தந்தி" என்றதுமே, யார் என்ன என்று கேளாமல் சுந்தரம்மாள் மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிவிட்டாள்.

"யாரும் சாகலம்மா," என்றார் சனாவுல்லா அவசரமாக. "பம்பாய்ல இருந்து. பாப்பாவுக்கு."

பாப்பா என்பது சுந்தரம்மாளின் மகள் பொன்னழகு. வயது இருபத்தொன்று. மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவள். அன்றைக்கு அவளுக்குத் தட்டு மாற்றுகிற நாள். ஆத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்த பித்தளைத் தட்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் பின்வாங்கினால் குடும்பத்துக்கே கெட்ட பெயர்.

பம்பாய் என்றதுமே பொன்னழகுக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு பம்பாய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து மதுரைக்கு வந்தவர்கள், அவளை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்துப் பரீட்சை பார்த்தார்கள். சாமான் வந்து சேர்ந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா ஆண்டிச்சாமியிடம் சொன்னபோது, "வரட்டும், பாப்போம்" என்றார். கார்த்திகை போனது, மார்கழியும் போனது, ஒரு வரி வரவில்லை. வராத வேலையைக் காட்டி வந்த மாப்பிள்ளையை எத்தனை நாள்தான் தட்டிக்கழிப்பது? சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலை நிமிர்வதற்குள் இதோ, தந்தி.

அவள் கை நீட்டுமுன் மாப்பிள்ளையின் தாய்மாமன் ராமர் அதை வாங்கிக்கொண்டார். அவர் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. அந்தப் பந்தலில் தனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும் என்று மனதார நம்பியவர். பெண் பி.எஸ்ஸி. என்பது அவருக்கு அந்த நேரம் நினைவில் இல்லை.

"ஜெனிவா பிளேட்ஸ் அரைவ்ட். ஜாயின் இம்மீடியட்லி," என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் இருண்டது. "ஜெனிவாவுல இருந்து தட்டு வந்துருச்சாம். உடனே வந்து சேருன்னு போட்டிருக்கான்."

பந்தலே தந்தியை எட்டிப் பார்த்தது.

"அது எங்கிட்டு இருக்கு? கரூருக்கு அங்கிட்டா?" என்று ஒரு குரல் கேட்டது.

"எங்கிட்டு இருந்தா என்ன? எங்களுக்கு முந்தியே ஒரு இடத்துல தட்டுக்கு ஒத்துக்கிட்டு, எங்களையும் வரச் சொன்னீகளா?" என்று ராமர் எழுந்தார். அந்தப் பக்கத்துத் தட்டும் அவரோடு எழுந்தது.

பொன்னழகு செத்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சம்பந்தம் தானாக முறிந்துவிடும், அவள் பாட்டுக்கு ரயிலேறலாம். அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்பாவின் முகம் ரத்தமில்லாமல் போயிருந்தது. அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது இந்தத் தட்டு இல்ல மாமா. கண்ணாடித் தட்டு. போட்டோ மருந்து பூசுனது," என்றாள். "ஜெனிவாங்கிறது சீமையில ஒரு ஊரு. பன்னெண்டு தேசம் சேந்து அங்க ஒரு மிஷின் கட்டிருக்காக. வட்டமா, மூணு பர்லாங் சுத்தளவு. அணுவுக்குள்ள இருக்குற துகளை அதுல சுத்தவிட்டு, சுத்துக்குச் சுத்து வேகத்தைக் கூட்டி, அந்தத் தட்டுல மோதவிடுவாக. மோதுன இடத்துல மயிரைவிட மெல்லிசாக் கோடு விழும். எந்தக் கோடு எங்க முறியுது, எங்க கிளை விடுதுன்னு பாத்து எழுதணும். அதுதான் வேலை."

"குண்டு செய்யவா?"

"இல்ல மாமா. இந்த உலகம் எதால ஆயிருக்குன்னு கண்டுபிடிக்க."

ராமர் சிரித்தே விட்டார். "அம்புட்டுத்தானா! வர ஏலாதுன்னு ஒரு கார்டு எழுதிப் போட்டாப் போச்சு. கோடு பாக்க வேற ஆளா கெடைக்காது? தட்டை எடுங்க மச்சான், நல்ல நேரம் போகுது."

உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலன். பொன்னழகு அவர் கையிலிருந்து தந்தியை வாங்கி மடித்தாள். ஆண்டிச்சாமி தட்டைத் தூக்கினார். தூக்கியவர் நீட்டவில்லை.

"ஏத்தா, அதுல ஒரு கோட்டைப் பாக்காம விட்டுட்டா என்ன ஆகும்?"

"அப்படி ஒண்ணு வந்து போனதே யாருக்கும் தெரியாமப் போயிரும்ப்பா."

ஆண்டிச்சாமி தட்டைக் கீழே வைத்தார்.

"திண்டுக்கல் சந்தையில என் கத்தரிக்காக் கூடையை எவனும் கொட்டிப் பாக்க மாட்டான். ஏன்னு தெரியுமா?" என்றார் ராமரிடம். "பத்து வயசுல இருந்து இவதான் சொத்தை பொறுக்குறா. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பும், இவ கண்ணுக்குத் தப்பாது. அவுகளுக்கு ஆளு கெடைக்கும். இவ மாதிரி கெடைக்காது. தப்பா எடுத்துக்காதீக. சாப்பிட்டுத்தான் போகணும்."

ராமருக்கு ஆத்திரம்தான். ஆனாலும் வடை பாயசத்தோடு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சுந்தரம்மாள் மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. நான்காம் நாள் மகளுக்குப் புளிச்சோறு கட்டினாள்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் வண்டி ஊதியபோது ஆண்டிச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார்.

"ஆத்தா, சொத்தையா இருந்தா சொத்தைன்னே எழுது," என்றார். "பன்னெண்டு தேசத்துக்காரன் சங்கடப்படுவானேன்னு பாக்காத."